சேத்துப்பட்டு பஸ்ஸைத் தவறவிட்ட குடும்பம்

எங்கள் தெருவில் காரணமில்லாமல் யாரும் ஓடியதில்லை. விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பட்டு நூலைப் பாவாக நீட்டிக் கட்டியிருக்கும்போது நாலு தூறல் விழுந்தால் ஓடுவார்கள். எங்கேயாவது கூரை பற்றிக்கொண்டது என்று சத்தம் கேட்டால் ஓடுவார்கள். மற்றபடி ஆரணியில் பட்டு நெய்கிற மனிதனுக்கு ஓட வேண்டிய வேலையே கிடையாது. தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பான். அதனால் ஒருநாள் காலையில் என் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட ஆரம்பித்தபோது, தெருவே வேலையைப் போட்டுவிட்டு எழுந்து நின்று பார்த்தது.

அது எழுபதுகளின் பிற்பாதி. நான் நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். தம்பி அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்து, போகாமலிருப்பதற்கு வழி தேடிக்கொண்டிருந்தான்.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் அம்மா பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனாள். சில நாள் கழித்து வெறுங்கையோடு திரும்பி வந்தாள். பாப்பா எங்கே என்று கேட்டதற்கு, கூட வந்த அத்தை, “ஆஸ்பத்திரிலயே இருக்குதுடி” என்று சொல்லி என் வாயில் ஒரு துண்டு வெல்லத்தைத் திணித்தாள். நான் அதை அப்படியே நம்பினேன். கையைத் தலைக்கு மேலே சுற்றிக் காதைத் தொட்டால்தான் பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொள்வார்கள். அதைப்போலப் பாப்பாக்களைக் கொடுத்தனுப்புவதற்கும் ஆஸ்பத்திரியில் ஏதோ ஒரு சட்டம் இருக்கும், உட்காரத் தெரிந்ததும் கொடுத்துவிடுவார்கள் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

எனக்குப் புரியாமல் இருந்தது அம்மாதான். அவள் ராட்டையின் பக்கத்தில் போய் உட்காருவாள். ஆனால் நூல் சுற்ற மாட்டாள். எதிரே சுவரில் சுண்ணாம்பு உரிந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் என்ன பார்க்கிறாள் என்று தெரிந்துகொள்ள நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அதே இடத்தை வெகுநேரம் பார்த்திருக்கிறேன். ஒன்றும் தெரிந்ததில்லை. தட்டில் சோறு வைத்தால் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தள்ளிவிடுவாள். அவள் நூல் சுற்றித் தராததால் அப்பாவின் தறி அடிக்கடி நின்றுபோகும். அத்தை ஒரு மாதம் இருந்து சமைத்துப் போட்டுவிட்டுச் செய்யாறில் இருக்கும் தன் வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அப்பா சமைத்தார். அதைப் பற்றி அதிகம் சொல்லாமலிருப்பதே மரியாதை.

பொங்கல் கழிந்து ஒரு சாயங்காலம் அப்பா எங்களையெல்லாம் கடைத்தெரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் முதலில் அம்மாவைப் பார்த்தார். பிறகு அவளை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு அப்பாவை மட்டும் உள்ளே நிறுத்திக்கொண்டார். அறைக்குப் பாதிக் கதவுதான். கதவுக்குக் கீழே அப்பாவின் பாதங்கள் மட்டும் தெரிந்தன. ஒரு கால் விரல்கள் இன்னொரு காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தன. டாக்டர் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்ததும் அப்பா சேதியைச் சொன்னார்.

“நான் உன்னப் பாக்கச் சொன்னா, அந்த ஆளு என்னப் பாத்துட்டாரு. உனக்கு ஒண்ணும் இல்லயாம். பேஜாரு எனக்குதானாம். குழில ஒக்காந்து ஒக்காந்து ரத்தம் பூரா கால்லயே தங்கிப்போச்சாம். காலைல எழுந்து ஓடணும்னு சொல்ட்டாரு.”

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். “ஓடணுமா?” என்றாள்.

“ஆமா. ஓடணுமாம்.”

நான் எழுந்து போய் அப்பாவின் கெண்டைக்கால் சதையை விரலால் அழுத்திப் பார்த்தேன். அழுத்திய இடம் வெளுத்தது, விரலை எடுத்ததும் பழைய நிறத்துக்கு வந்துவிட்டது.

“இன்னாடி பண்ற?”

“ரத்தம் எங்க நிக்குதுன்னு பாக்கறேன்.”

“அதெல்லாம் டாக்டருக்குதான் தெரியும். நீ போய் சோறு துன்னு.”

மறுநாள் விடிந்தும் விடியாததுமாக அப்பா ஓடினார். எதிர்வீட்டுக்காரர் வாசலில் வேப்பங்குச்சியால் பல் துலக்கிக்கொண்டிருந்தார். அவரும் நெசவாளிதான், முதுகுவலிக்காரர். “இன்னாய்யா ஆச்சு? யாருக்கு?” என்று கேட்டார். ஓடிக்கொண்டே பதில் சொல்ல அப்பாவுக்கு மூச்சு இல்லை. பதில் சொல்லாததால் விஷயம் பெரிது என்று எதிர்வீட்டுக்காரர் குச்சியைத் துப்பிவிட்டுப் பின்னாலேயே ஓடினார். அவர் ஓடுவதைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரர் ஓடினார். கோட்டை மைதானத்துக்குப் போய்ச் சேரும்போது அப்பாவுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர். அதில் ஒருவர் கையில் தண்ணீர் வாளி வேறு. அப்பா நின்று, மூச்சு வாங்கி, “ஒண்ணும் இல்லீங்க, உடம்புக்காக ஓடறேன்” என்றார்.

எதிர்வீட்டுக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தார். “உடம்புக்காக ஓடறியா? உடம்பு எங்கய்யா பூட்ச்சு, தொரத்திப் புடிக்கறதுக்கு?”

அப்பா கூச்சக்காரர். அன்றெல்லாம் தறியில் உட்கார்ந்து யோசித்தார். அடுத்த நாள் கையில் ஒரு மஞ்சள் பையோடு தெருமுனையில் போய் நின்றார். சேத்துப்பட்டுக்குப் போகும் முதல் பஸ் எங்கள் தெருமுனையைத் தாண்டித்தான் போகும். பஸ் போகிறவரைக்கும் சும்மா நின்றிருந்துவிட்டு, அது தாண்டியதும் பையை உயர்த்திக் காட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். பஸ்ஸுக்குப் பின்னால் ஓடுகிற மனிதனை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. ஊருக்கு வெளியே ரோடு திரும்புகிற இடத்தில் ஏரிக்கரை ஆரம்பிக்கிறது. அதுவரைக்கும் பஸ்ஸின் தயவில் ஓடிவிட்டால், பிறகு கரைமேல் கேட்பாரில்லாமல் ஓடலாம். பையில் இருந்தது அம்மாவின் பழைய புடவை ஒன்று. வெறும் பையாக இருந்தால் தொளதொளவென்று தெரியும் என்பதற்காக.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. பஸ் டிரைவர் நல்ல மனிதர். கண்ணாடியில் பார்த்துவிட்டுச் சில நாள் நிறுத்துவார். கண்டக்டர் படியில் நின்று கையை ஆட்டுவார். உடனே அப்பா காலில் முள் குத்தியதைப்போலக் குனிந்துகொள்வார். பஸ் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பிய பிறகுதான் அந்த முள் எடுபடும்.

தெருவில் வேறு பேச்சு கிளம்பியது. சேத்துப்பட்டில் எங்களுக்கு ஏதோ கேஸ் நடக்கிறதாம். அதனால்தான் இந்த மனிதன் இப்படி அலைகிறானாம். எதிர்வீட்டுக்காரர் மனசு கேட்காமல் ஒரு சாயங்காலம் தன் வீட்டு அலாரம் கடிகாரத்தைக் கொண்டுவந்து நீட்டினார். “இத வச்சிக்கய்யா. அஞ்சு நிமிஷம் முன்னால எழுந்தா இன்னா கொறஞ்சிடப் போவுது உனுக்கு?” அப்பா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அந்தக் கடிகாரம் அடித்து எழுந்துதான் அதற்கப்புறம் நாங்கள் தினமும் பஸ்ஸைத் தவறவிட்டோம்.

நாங்கள் என்று சொன்னேன் அல்லவா, அது எப்படி என்று சொல்கிறேன். சில நாள் ஓடிய பிறகு, டாக்டர் சொன்னதில் ஒன்றைத் தான் மறந்துபோனதாக அப்பா அம்மாவிடம் சொன்னார். ஓடும்போது பேச முடிய வேண்டுமாம். பேச முடியாமல் மூச்சு இரைத்தால் ஓட்டத்தை விட்டுவிட்டு நடக்க வேண்டுமாம். அதனால் கூடவே ஒரு ஆள் ஓடிவந்து கேள்வி கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

“நீ வரியா?” என்றார்.

அம்மா சுவரைப் பார்த்தபடியே, “பெரியவள இட்டுகினு போங்க” என்றாள்.

அப்பாவின் முகம் விழுந்துபோனது. ஆனால் எனக்கு அதைவிடச் சந்தோஷமான வேலை வாய்த்ததில்லை. கேள்வி கேட்கச் சொல்லி யாராவது கூப்பிடுவார்களா? கரையேறியதிலிருந்து கேட்க ஆரம்பித்தேன். ஏரித் தண்ணி ஏன் பூமிக்குள்ள எறங்கிப் போவல? நாம ஓடும்போது நெலாவும் கூடவே ஓடுது, அதுக்கும் ரத்தம் கால்ல தங்கிப்போச்சா? பட்டுப்பூச்சிக்குத் தன் நூல்ல பொடவ நெய்யறாங்கன்னு தெரியுமா, தெரியாதா? அப்பா நாலு பனைமரம் தாண்டுவதற்குள் கரைமேல் உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், “இவ கேக்கற கேள்விக்கு நின்னுகினே பதில் சொல்ல முடியாது. ஓடிகினு எப்படிச் சொல்றது?” என்று புகார் செய்தார். அம்மாவின் உதடு லேசாக அசைந்த மாதிரி இருந்தது. அவ்வளவுதான்.

அதற்கு இரண்டு நாள் பொறுத்து ஒரு விசித்திரம் நடந்தது. ஓடி முடித்துத் திரும்பும்போது அப்பா மதகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கரையிலிருந்து ஒரு சொரசொரப்பான கல்லை எடுத்து, நன்றாக இருந்த தன் முழங்காலைத் தேய் தேய் என்று தேய்த்தார். ரத்தம் கசிந்தது. மேலே கொஞ்சம் செம்மண்ணைத் தடவிக்கொண்டார். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஏம்ப்பா?”

“உங்கம்மா கேட்டா, அப்பா தல சுத்தி வுயுந்துட்டாருன்னு சொல்லு.”

“வுயலியே?”

“வுயுந்தேன். நீ அந்தப் பக்கம் பாத்துகினு இருந்த.”

வழியில் தேன்மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். வீடு வந்ததும் நொண்டிக்கொண்டே உள்ளே போனார். அம்மா அந்த முழங்காலையே கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கழுவிவிட்டாள். மறுநாள் காலையில் கடிகாரம் அடித்தபோது அவள் எங்களுக்கு முன்னாலேயே எழுந்து, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். தம்பியைத் தனியாக விட முடியாது என்று அவனையும் எழுப்பிவிட்டோம். ஒரு ஆள் தினமும் பஸ்ஸை விட்டால் சந்தேகம் வரும். குடும்பமாக விட்டால் யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள் என்று அப்பா சொன்னார். அதுவும் சரியாகத்தான் இருந்தது. பிள்ளைகுட்டியோடு கிளம்புகிறவர்கள் நேரத்துக்கு வர மாட்டார்கள் என்று தெரு சமாதானமாகிவிட்டது.

முதல் நாள் அம்மா மைல்கல் வரைக்கும்தான் வந்தாள். அங்கே உட்கார்ந்துவிட்டாள். அவள் உட்கார்ந்ததும் அப்பாவுக்கும் மூச்சு முட்டியது. அவரும் உட்கார்ந்தார். அடுத்த நாள் ஏரிக்கரை வரைக்கும் வந்தாள். கரைமேல் வரிசையாகப் பனைமரங்கள் நிற்கும். ஒரு மரத்திலிருந்து அடுத்த மரம் வரை நடக்க வேண்டும், அதற்கடுத்த மரம் வரை ஓட வேண்டும், மறுபடியும் நடக்க வேண்டும் என்று அப்பா ஒரு முறை வைத்தார். சில நாள் கழித்து இரண்டு மரம் ஓட்டம், ஒரு மரம் நடை. தம்பி ஒரேயடியாகக் கடைசி மரம் வரைக்கும் ஓடிக் காட்டுகிறேன் என்று துள்ளினான். “பட்டு நூல ஒரே இழுப்பா இழுத்தா இன்னா ஆவும்?” என்று அப்பா கேட்டார். “அறுந்துடும்” என்றான். “அப்ப மெதுவா வா.” அவனிடம்தான் சொன்னார், ஆனால் பார்த்தது அம்மாவை.

நான் கவனித்த அதிசயம் என்னவென்றால், அப்பாவின் நோய் அம்மாவின் கால்களைப் பார்த்து நடந்துகொண்டது. அவள் களைத்தால் அவருக்கு நெஞ்சு அடைத்தது. அவள் தெம்பாக இருந்தால் அவருக்கும் ரத்தம் ஓடியது. “நீ முன்னால போ. உன் முதுகப் பாத்துகினு வந்தா எனக்குத் தெம்பா இருக்குது” என்று சொல்லி அவளை முன்னால் விடுவார். கேள்வி கேட்கிற வேலை இப்போது அவளுடையது. ஆரம்பத்தில், “முடியுதா?” என்ற ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு, “கொழம்புக்குக் கத்திரிக்காயா, முள்ளங்கியா?” என்று வந்தது. பிறகு, தறியில் இருக்கும் புடவைக்கு முந்தானை என்ன நிறம், அத்தை வீட்டு மாடு கன்று போட்டதா, இந்த ஏரிக்கு எங்கிருந்து தண்ணி வருது என்று போயிற்று. நான் யாரைக்கொண்டு பிறந்தேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

வெயில் ஏற ஆரம்பித்திருந்த ஒரு காலையில் அவர்கள் இரண்டு பேரும் எங்களுக்குச் சற்று முன்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஏரியில் தண்ணீர் வடிந்து சேறு தெரிந்தது, கொக்குகள் நின்றன. அம்மா கேட்டாள்:

“நீங்க பாத்தீங்கதான?”

எதை என்று அப்பா கேட்கவில்லை. “பாத்தேன்” என்றார்.

“என்ன யாரும் பாக்க வுடல. துணியப் போட்டு மூடி எடுத்துகினு போய்ட்டாங்க. யார மாதிரி இருந்துச்சு?”

அப்பா சட்டென்று நின்றுவிட்டார். அம்மா நிற்கவில்லை.

“நிக்காதீங்க. ஓடிகினே சொல்லுங்க.”

அவர் மறுபடியும் ஓடி அவள் பக்கத்தில் போனார். “உன்ன மாதிரிதான். தல நெறைய முடி. வெரலு மட்டும் என்னுது, நீட்டு நீட்டா.”

“எங்க வச்சீங்க?”

“ஆத்தங்கரைல. வேப்பமரம் இருக்குதே, அதுங்கிட்ட. நம்ம தறிப் பட்டுலதான் சுத்தி வச்சேன். வெறும் துணில வைக்க மனசு வரல.”

அன்று அம்மா எந்த மரத்துக்கும் நடக்கவில்லை. கடைசிப் பனைமரத்தையும் தாண்டி ஓடிக்கொண்டே போனாள். நாங்கள் பின்னால் இரைக்க இரைக்கப் போனோம். பாப்பாவைப் பற்றித்தான் பேசினார்கள் என்பது வரை எனக்குப் புரிந்தது. பாப்பாவுக்குத் தலை நிறைய முடி என்றதும் சந்தோஷமாக இருந்தது. பட்டு என்றதும் கோபம் வந்தது. தீபாவளிக்கு எனக்கு எடுத்தது சீட்டிப் பாவாடை. இன்னும் வீட்டுக்கே வராத ஒருத்திக்கு அதற்குள் பட்டா என்று அன்று முழுக்க அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்தக் குழந்தை உயிரில்லாமலே பிறந்தது என்பதும், பொங்கல் கழிந்த அந்தச் சாயங்காலம் டாக்டர் சொன்னது முழுக்க அம்மாவைப் பற்றித்தான் என்பதும் எனக்குத் தெரியவந்தபோது எனக்கே ஒரு பிள்ளை பிறந்திருந்தது. மருந்தால் ஆகிற காரியம் இல்லை, எப்படியாவது எழுப்பி வெளியே கூட்டிக்கொண்டு போங்கள், நடக்கட்டும், ஓடட்டும், பேசட்டும் என்றாராம். அம்மாதான் சொன்னாள். “அப்பாவுக்கு ஒண்ணும் இல்லன்னு உனக்குத் தெரியவே தெரியாதா?” என்று கேட்டேன். “முட்டிய கல்லுல தேச்சிகினு வந்து நின்னாரே, அப்பவே தெரியும். வுயுந்த காயம் அப்படியா இருக்கும்? அந்த மனுஷன் எனக்கோசரம் அவ்ளோ பொய் சொல்லிகினு ஓடறாரு, நான் கூட ஓடாம எப்படி?” என்றாள்.

ஆனால் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது அன்று அப்பாவுக்குத் தெரியாது. ஏரிக்கரையிலிருந்து திரும்பியதும் அம்மா படுத்துவிட்டாள். இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. கடிகாரம் அடித்தது, அப்பாவே அதை அமுக்கி நிறுத்தினார். தறியில் உட்கார்ந்தார், ஆனால் நூல் கோத்த நாடாக் கட்டை ஓடவில்லை. கையைப் பாவின்மேல் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். கேள்விக்குப் பதில் சொன்னது தவறோ என்று அவர் நினைத்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் விடியற்காலையில் யாரோ என் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். அம்மா. குளித்து, தலையை முடிந்துகொண்டு நின்றாள். அப்பாவைப் பார்த்து, “ஏங்க, பஸ்ஸுக்கு நேரமாவல?” என்றாள்.

அதற்குப் பிறகு ஓட்டம் வேறு மாதிரி ஆகிவிட்டது. பையை அம்மாவே வாங்கிக்கொண்டாள். எதிர்வீட்டுக்காரருக்கு ரகசியம் தெரிந்துபோயிற்று. எப்படியும் கடிகாரம் அவருடையது, அது நேரத்துக்குத்தான் அடிக்கும் என்று அவருக்குத் தெரியாதா? முதுகுவலிக்கு நல்லதா என்று விசாரித்துவிட்டு ஒருநாள் அவரும் ஒரு பையோடு வந்து நின்றார். பிறகு அவர் மனைவியும் வந்தாள். இப்படி ஆறு பேர் காலையில் தெருமுனையில் கூடி நின்று, கண்ணெதிரே வந்த பஸ்ஸை மரியாதையாக வழிவிட்டு அனுப்பிவிட்டு, பிறகு அதன் பின்னால் ஓடினோம்.

கண்டக்டரால் இதைத் தாங்க முடியவில்லை போலிருக்கிறது. பங்குனியில் ஒருநாள் பஸ் எங்களைத் தாண்டியதும் வேகமே எடுக்கவில்லை. ஆள் நடக்கிற மாதிரி ஊர்ந்து போனது. கண்டக்டர் பின்படியில் தொங்கிக்கொண்டு கையை நீட்டினார்.

“வாம்மா! ஜல்தி வா! இன்னிக்கி உன்ன வுட்டுட்டுப் போறதா இல்ல!”

ஜன்னல்களிலெல்லாம் தலைகள் முளைத்தன. “ஓடும்மா, ஓடு, வுட்ராத!” என்று பஸ்ஸே கத்தியது. பின்னால் அப்பா வழக்கம்போல முள் எடுக்கக் குனிந்துவிட்டார். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. அவள் நினைத்திருந்தால் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடினாள். அம்மா அப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை. கொண்டை அவிழ்ந்து முடி முதுகில் அடித்தது. கண்டக்டரின் கையைப் பிடித்தாள், கம்பியைப் பிடித்தாள், ஏறிவிட்டாள். “ரை…ட்!” என்று ஒரு சத்தம். பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயே போய்விட்டது.

அப்பா குனிந்த நிலையிலேயே ஒரு கணம் நின்றார். பிறகு ஓடினார். பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும் என்று அவர் உண்மையாக ஓடியது அன்று ஒருநாள்தான். தம்பி, “அம்மா சேத்துப்பட்டு பூட்ச்சு!” என்று பெரிதாக அழ ஆரம்பித்தான். நான் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அப்பாவின் பின்னால் ஓடினேன். எதிர்வீட்டுக்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டு ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

பஸ்ஸுக்குள் நடந்ததை அம்மா பிற்பாடு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். கண்டக்டர் வெற்றியோடு டிக்கெட் புத்தகத்தை எடுத்து, “சேத்துப்பட்டுதான?” என்றாராம். அம்மாவுக்கு மூச்சு வாங்கியதில் பேச்சு வரவில்லையாம். பிறகு, “நாங்க எங்கயும் போவலீங்க. சும்மா ஓடறோம்” என்றாளாம். “டெய்லியுமா?” “டெய்லியும்.” கண்டக்டர் அவளையே பார்த்துவிட்டு விசிலை வாயில் வைத்தாராம், ஆனால் சிரிப்பில் ஊத முடியவில்லையாம். அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிட்டார்கள்.

நாங்கள் ஏரி வளைவைத் தாண்டிச் சின்னப் பாலத்துக்குப் பக்கத்தில் வந்தபோது, எதிர்ப்பக்கமிருந்து ரோட்டில் ஒரு உருவம் தெரிந்தது. யாரும் துரத்தவில்லை, எதையும் துரத்தவில்லை. ஆனாலும் அம்மா ஓடிவந்துகொண்டிருந்தாள். அப்பா நின்றுவிட்டார். தம்பி கையை உதறிக்கொண்டு போய் அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டான். அவள் முகம் சிவந்து, நெற்றியெல்லாம் வியர்வை.

“இன்னா, எதுனா ஆச்சா? எங்கயாவது வலிக்குதா?” என்று அப்பா பதறினார்.

அம்மா பாலத்துக் கட்டையில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டாள். “ஒண்ணும் ஆவல” என்றாள். “பசிக்குது.”

பாலத்தண்டை ஒரு அம்மாள் ஓலைக் கொட்டகை போட்டு இட்லி விற்றுக்கொண்டிருந்தாள். அப்பா இடுப்பு முடிச்சிலிருந்து சில்லறையை எடுத்துக் கொடுத்தார். அம்மா ஒரு செங்கல்மேல் உட்கார்ந்து மடியில் இலையை வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். பிட்டுப் பிட்டு, சட்னியில் நன்றாகப் புரட்டி, வாய் நிறையச் சாப்பிட்டாள். முடிந்ததும் இலையை நீட்டி இன்னும் வேண்டுமென்று வாங்கிக்கொண்டாள். எனக்கும் தம்பிக்கும் ஆளுக்கொரு இலை கிடைத்தது. அப்பா தனக்கு வேண்டாமென்று சொல்லிவிட்டார். கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அம்மா சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டு நின்றார். பார்த்துக்கொண்டிருந்தபோதே அவர் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி மூக்கோரமாக வழிந்தது. அவர் அதைத் துடைக்கக்கூட இல்லை.

இட்லிக்கார அம்மாள் கரண்டியோடு நிமிர்ந்தாள். “இன்னாங்க, சட்னி காரமா பூட்ச்சா? தண்ணி தரட்டா?”

“ஆமாங்க” என்றார் அப்பா. “கொஞ்சம் காரந்தான்.”

அப்பாவின் கையில் இலையே இல்லை. நான் என் இலையிலிருந்த சட்னியை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். சந்தேகமாக இருந்ததால் தம்பி இலையிலிருந்தும் கொஞ்சம் தொட்டுப் பார்த்தேன். துளிகூடக் காரம் இல்லை.